மூன்றாம் குரலுக்கு நான்கு மதிப்பெண்

கோயம்புத்தூர்
ஜூன் 9

அன்புள்ள மதினி காளீஸ்வரிக்கு,

ஒருவர் பேசும்போது எதிரில் இருப்பவர் உண்மையிலேயே கேட்கிறாரா, கேட்பதுபோல் உட்கார்ந்திருக்கிறாரா? எப்படிக் கண்டுபிடிப்பது? இருபத்திரண்டு வருடமாகக் கணினித் துறையில் இருக்கிறேன். இந்தக் கேள்விக்காகவே பல்கலைக்கழகம் எனக்கு மூன்று வருட ஆய்வுத் திட்டம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. விடை எனக்குத் தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணனின் இடுப்புவலி எப்படி இருக்கிறது? குரங்கணிக்கு ஜீப் ஓட்டுவதை வாரத்தில் ஒரு நாளாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

அரசியல் விவாதங்களைக் கேட்டு, யார் பேசும்போது மற்றவர்கள் ஈடுபாட்டோடு கேட்கிறார்கள் என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும் மென்பொருள் ஒன்றை எங்கள் குழு செய்திருக்கிறது. தொலைக்காட்சி விவாதங்களைக் கொடுத்துப் பழக்கியது. செய்தவர்கள் அதை நம்புகிறார்கள். நான் சோதிப்பவள், எனக்கு நம்புவதற்குச் சம்பளம் இல்லை.

சோதிக்க, தொலைக்காட்சியில் வராத பேச்சு வேண்டும். நீங்கள் வேலை பார்க்கும் போடி ஏலக்காய்க் கிட்டங்கியில் பதினான்கு பெண்கள் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டே நாள் முழுக்க அரசியல் பேசுவதாக அண்ணன் சொன்னார். அதைப் பதிவு செய்து தர முடியுமா? முதலாளியிடமும் ஒவ்வொருவரிடமும் சம்மதம் எழுதி வாங்க வேண்டும், படிவங்களும் ஒலிப்பதிவுப் பெட்டியும் இத்துடன். பதிவைப் போனில் அனுப்பக் கூடாது என்பது பல்கலைக்கழக விதி, மெமரி கார்டைப் பதிவுத் தபாலில்தான் அனுப்ப வேண்டும். யார் பேசினார்கள் என்று எனக்குத் தெரியவும் கூடாது. ஒன்றாம் குரல், இரண்டாம் குரல் என்று எழுத்தில்தான் என் கைக்கு வரும்.

போனில் கேட்டிருக்கலாம். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரி மதினி" என்று வைத்துவிடுவேன்.

மரியாதையுடன்,
அனுசியா


வெள்ளக்கரடு
ஜூன் 18

அன்பு அனுவுக்கு மதினி எழுதறது.

நாங்க நல்லா இருக்கோம். உங்கண்ணன் இடுப்பு மட்டும் நல்லா இல்லை. ஜீப்பை நிறுத்துங்கன்னா, "ஜீப்பு நின்னாத்தான் வலிக்குது, ஓடுனா தெரியலை"ங்கிறாரு. நீ வேளாவேளைக்குச் சாப்புடுறியா?

பன்னண்டாவது வரைக்கும் ஒரே பெஞ்சுல உக்காந்தவளை "நீங்கள்"னு எழுதியிருக்கே. படிச்சதும் பின்னாடி யாரோ பெரிய மனுசி நிக்கிறாங்களோன்னு திரும்பிப் பாத்தேன்.

எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. முதலாளி, "பேசிப் பேசி எடை குறையாம இருந்தாச் சரி"ன்னாரு. உன் பெட்டியை நடுவுல வெச்ச அன்னிக்கு ஒருத்தியும் வாயைத் தொறக்கலை. ரெண்டாம் நாள் அன்னக்கொடி பெட்டியப் பாத்து, "எம்மா பெட்டி, கோயம்புத்தூருல தக்காளி என்ன வெல?"ன்னு கேட்டா. அதோட எல்லாருக்கும் வாய் வந்துருச்சு. (ஐயோ, பேரை எழுதிட்டேன். ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட ஒருத்தின்னு மாத்திப் படிச்சுக்கோ.)

எங்க சோலி எப்படின்னு உனக்கு மறந்திருக்கும். ஆளுக்கொரு சுளகு. (உங்க கோயம்புத்தூருல மொறம்.) காய்ஞ்ச ஏலக்காயை அதுல கொட்டி உருட்டி உருட்டி, உடைசலையும் கருத்ததையும் காம்பையும் பொறுக்கித் தள்ளணும். பதினாலு சுளகும் நாள் பூரா கலகலன்னு கெடக்கும். யாரும் யாரு மூஞ்சியையும் பாக்க மாட்டோம், நிமிர நேரமில்லை. மீன் கொழம்பு, மருமக, மந்திரி எல்லாம் கலந்துதான் இருக்கும். நீ பொறுக்கி எடுத்துக்கோ.

கண்ணாடி மாத்தணும்னியே, மாத்திட்டியா?

உன் மதினி
காளீஸ்வரி


கோயம்புத்தூர்
ஜூலை 3

அன்புள்ள மதினிக்கு,

கண்ணாடி மாற்றிவிட்டேன். அண்ணனைச் சூடான ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கார்டு வந்தது. முதல் முடிவும் வந்துவிட்டது. தொலைக்காட்சி விவாதங்களுக்குச் சராசரி அறுபத்தெட்டு மதிப்பெண். உங்கள் கிட்டங்கிக்குப் பதினொன்று. நையாண்டி செய்யும் ஒன்றாம் குரலுக்கு இருபத்து மூன்று, மந்திரியைத் திட்டும் இரண்டாம் குரலுக்குப் பதினைந்து. எல்லாவற்றிலும் குறைவு மூன்றாம் குரலுக்கு: நான்கு.

மூன்றாம் குரல் பேசுவது ஊர்த் தண்ணீரைப் பற்றி. குழாயைக் காலை பத்து மணிக்குத் திறக்கிறார்களாம், அந்த நேரத்தில் பெண்கள் எல்லாம் போடியில் வேலையில் இருப்பதால் பிடிக்க ஆளில்லையாம், ஐந்தரைக்குத் திறக்க வேண்டுமாம். அவள் பேசி முடித்ததும் ஒருவரும் பதில் சொல்வதில்லை. பிறகு யாராவது தக்காளிக்குப் போய்விடுகிறார்கள். அவள் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. எனக்குப் படுவதைத் தரவாகச் சேர்க்க முடியாது.

அடுத்த கார்டுக்குக் காத்திருக்கிறேன்.

அனுசியா


வெள்ளக்கரடு
ஜூலை 12

அன்பு அனுவுக்கு,

உங்கண்ணன் ஒத்தடம் குடுத்துக்கிறாரு, அதாவது நான் குடுக்கிறேன். நீ மெலிஞ்சு போயிருக்கேன்னு மகேந்திரா ஜீப்பு ஓட்டுற பெரிய மனுசர் ஒருத்தர் கவலைப்படுறாரு. போட்டோவுல பாத்தாராம்.

மார்க்கு எல்லாத்தையும் கிட்டங்கியில வாசிச்சேன். ஒண்ணாவது குரல் எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தா. "பள்ளிக்கூடத்துல கூட நான் இவ்வளவு வாங்குனதில்லைடி"ன்னா.

மூணாவது குரல் யாருன்னு சொல்ல மாட்டேன், விதி இருக்குல்ல. அவ பாட்டுக்குக் காயைப் பொறுக்கிக்கிட்டு இருந்தா. ஆனா உன்கிட்ட சிலது கேக்கச் சொன்னா. அந்த நாலு மார்க்கு எதை வெச்சுப் போட்டது? ஒருத்தரும் கேக்கலைன்னு மிசினுக்கு நிச்சயமாத் தெரியுமா? கேக்க வைக்கணும்னா அவ என்ன பண்ணணும்? அவளுக்கு அவசரம் ஒண்ணும் இல்லை. ஆனா வெரசா எழுது.

ஊர்ல பஞ்சாயத்து எலெக்சன் வருது. சுவத்துக்கெல்லாம் வெள்ளை அடிக்கிறாங்க. வேற விசேசம் இல்லை.

காளீஸ்வரி


கோயம்புத்தூர்
ஜூலை 24

அன்புள்ள மதினிக்கு,

நான் மெலியவில்லை, போட்டோ பழையது என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

மூன்றாம் குரலின் கேள்விகள் என் மாணவர்களுடையதை விடக் கூர்மையாக இருக்கின்றன. ஒருவர் பேசும்போது யாராவது குறுக்கிட்டால், மூன்று நொடிக்குள் பதில் வந்தால், குரல் உயர்ந்தால், அவர்கள் கேட்கிறார்கள் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. மூன்றாம் குரலுக்கு இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. நிச்சயமா என்றால், அந்தச் சொல்லை எந்த மென்பொருளுக்கும் நான் கொடுப்பதில்லை. ஆனாலும் நானூறு விவாதங்களில் பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருக்கிறது.

அவள் என்ன செய்யலாம்? சுருக்கமாகப் பேசலாம். எதிராளியைப் பேர் சொல்லி அழைத்துக் கேள்வி கேட்கலாம். குரலை உயர்த்தலாம். அடுத்தவர் பேச்சில் நுழையலாம். இவை மென்பொருளுக்குப் பிடித்தவை. மனிதர்களுக்குப் பிடிக்குமா என்று நான் சோதித்ததில்லை.

அவள் எதற்காக இதையெல்லாம் கேட்கிறாள்?

அனுசியா


வெள்ளக்கரடு
ஆகஸ்ட் 16

அன்பு அனுவுக்கு,

இத்தனை நாள் எழுதலைன்னு கோவிச்சுக்காதே. எல்லாரும் இருக்கோம். மேல மலையில மழை நல்லாப் பேயுதாம், இங்க தூறலோட சரி.

மூணாவது குரல் நீ எழுதுன மாதிரியே பண்ணிப் பாத்தா. ரெண்டாவது குரல் பேசிக்கிட்டு இருக்கும்போதே நடுவுல விழுந்து, "தண்ணியப் பத்து மணிக்குத் தொறந்தா யாரு புடிக்கிறது, எங்க வீட்டு ஆடா?"ன்னு ஒரு கத்து கத்தினா. வார்டு மெம்பர் மகாராஜனைப் பேர் சொல்லிக் கேட்டா. அவரு அங்க இல்லவே இல்லை. டிவியில மேசையத் தட்டுவாங்கள்ல, அந்த மாதிரி சுளகைத் தட்டினா. ஏலக்காய் பூராவும் பறந்து அன்னக்கொடி மடியில விழுந்துச்சு. "என்னடி, டிவிப் பொட்டிக்குள்ள போயிட்டியா?"ன்னு அவ கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. மூணாவது குரலும் சிரிச்சுக்கிட்டுத்தான் பொறுக்குனா.

இனிமே அவ பேசறதா இல்லை. நல்லதுதான். தெரியாத வேலைக்கு எதுக்குப் போகணும்.

இருபத்தஞ்சாம் தேதி மூணு மணிக்குள்ள யூனியன் ஆபீசுல ஒரு காயிதத்தைத் திருப்பி வாங்குற சோலி இருக்கு. அது முடிஞ்சா மனசு லேசாயிரும். கடைசி கார்டு இதுல வெச்சிருக்கேன். பெட்டியையும் அனுப்பிரட்டுமா?

காளீஸ்வரி


கோயம்புத்தூர்
ஆகஸ்ட் 21, விரைவுத் தபால்

காளீஸ்,

நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன். இதைப் போனில் சொன்னால் பாதியில் நீ குறுக்கே பேசுவாய். எழுதினால் கடைசி வரை படித்தாக வேண்டும்.

"சிரிச்சுக்கிட்டுத்தான் பொறுக்குனா" என்ற வரி எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் மென்பொருளை மறுபடி சோதித்தேன். ஒவ்வொரு பகுதியாகக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். முதலில் கழற்றியது இரைச்சல் நீக்கும் பகுதியை. பேச்சு தெளிவாக விழுவதற்காக, பின்னால் கேட்கும் சத்தத்தை எல்லாம் அது அழித்துவிடும். அதைக் கழற்றியதும் முடிவுகள் தாறுமாறாக வந்தன. காரணம் தேட, அனுமதி வாங்கி, மாற்றாத ஒலிப்பதிவை நானே கேட்டேன்.

உங்கள் சுளகுச் சத்தத்தை என் மென்பொருள் இரைச்சல் என்று அழித்திருக்கிறது.

ஒன்றாம் குரல் நையாண்டி செய்யும்போது சுளகுகள் ஓடுகின்றன. இரண்டாம் குரல் மந்திரியைத் திட்டும்போதும் ஓடுகின்றன. மூன்றாம் குரல் தண்ணீரைப் பற்றித் தொடங்கியதும் சத்தம் மெலிகிறது. பிறகு நின்றே போகிறது. ஜூன் 15ஆம் தேதி நாற்பத்தொரு நொடி நின்றிருக்கிறது. பதினான்கு பேர் கையும். அதன் பிறகு ஒரு ஆண் குரல், "கையை ஓட்டுங்க, கையை ஓட்டுங்க" என்கிறது. தேநீர் நேரமா என்று பார்த்தேன், இல்லை. மூட்டை மாற்றும் நேரமா என்று பார்த்தேன், இல்லை. பதினேழு பதிவுகளில் ஒன்பதில் இப்படி. நான் சொன்னபடி அவள் கத்திய நாளில் மட்டும் ஒரு கை கூட நிற்கவில்லை. அந்த ஆலோசனை என்னுடையது. அதற்காக வருந்துகிறேன்.

கை நின்றால் ஓட்டு விழுமா என்பது எனக்குத் தெரியாது. உன்னை யாரும் கேட்கவில்லை என்று என் மென்பொருள் சொன்னது பொய் என்பது தெரியும்.

ஆம், "உன்னை". முப்பது வருடமாகக் கேட்கும் குரல், முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. வேட்பு மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் இருபத்தைந்து என்று செய்தித்தாளில் பார்த்தேன். திரும்பப் பெறுவதானால் உன் காரணத்துக்காகப் பெறு. என் நான்கு மதிப்பெண்ணுக்காக வேண்டாம்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அனு


வெள்ளக்கரடு
ஆகஸ்ட் 25, சாயங்காலம்

அன்பு அனுவுக்கு,

உன் காயிதம் நேத்து வந்துச்சு. இன்னிக்கு மூணு மணிக்கு நான் யூனியன் ஆபீசுல இல்லை. கிட்டங்கியில ஏலக்காய் பொறுக்கிக்கிட்டு இருந்தேன். முடிஞ்சுபோச்சு, இனி திருப்பி வாங்க முடியாது. வீட்டுக்கு வந்து கொழம்புல ரெண்டு தடவை உப்பைப் போட்டுட்டேன். மத்தபடி சொகம்.

ஏன் சொல்லலைன்னு கேட்டிருக்கே. நீ சிரிப்பேன்னு இல்லை. நீ சிரிக்க மாட்டே. "இதுக்கு ஆதாரம் என்ன மதினி?"ன்னு கேப்பே. நீ கேக்குறதுக்கு முந்தி உன் மிசின்கிட்ட நானே கேட்டுரலாம்னு பாத்தேன், அது நாலு போட்டுருச்சு. உங்கண்ணன், "அனுகிட்ட சொல்லு, சொல்லு"ன்னு ஒரு மாசமா நச்சரிச்சாரு. மனுவுல முன்மொழிஞ்சது அன்னக்கொடி.

உன் காயிதத்தைக் கிட்டங்கியில வாசிச்சேன். நாப்பத்தொரு நொடின்னு வாசிக்கும்போது கலகலச் சத்தம் நின்னுபோச்சு. எல்லாரும் அவங்கவங்க கையக் குனிஞ்சு பாத்துக்கிட்டோம். "அடியாத்தி, இது நமக்கே தெரியாதேடி"ன்னா அன்னக்கொடி. அதுக்குள்ள கணக்குப்புள்ள, "கையை ஓட்டுங்க"ன்னாரு பாரு, இன்னிக்கு மாதிரி நாங்க சிரிச்சதே இல்லை. அவருக்கு ஒண்ணும் புரியலை.

செப்டம்பர் அஞ்சு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஊர்ப் பொட்டல்ல, நம்ம மந்தையில கூட்டம். நிக்கிற மூணு பேரையும் மேடையேத்திப் பேச விடுறாங்க. மகாராஜன், முனியசாமி, நான். நீ வரணும்.

காளீஸ்வரி


கோயம்புத்தூர்
ஆகஸ்ட் 30

அன்புள்ள காளீஸுக்கு,

உப்புப் போடும் வேலையைக் கொஞ்ச நாளைக்கு அண்ணனிடம் கொடு. அண்ணனுக்கு என் அன்பு.

நான் வருவதாக இல்லை. ஆறாம் தேதி மாலை நான்கு மணிக்கு மதிப்பீட்டுக் குழு கூடுகிறது. திட்டத்தைத் தொடரலாமா என்று முடிவு செய்வார்கள். சுளகு விஷயத்தை அவர்களுக்கு விளக்க அறிக்கை எழுத வேண்டும்.

இந்த முறை ஆலோசனை எதுவும் கிடையாது. மந்தையில் யார் கையிலும் சுளகு இருக்காது. அங்கே எதைக் கவனிப்பது என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிறு காலை ஏழரைக்கு இங்கிருந்து போடிக்குப் பஸ் இருக்கிறதாம். தகவலுக்காக எழுதுகிறேன்.

அனு


வெள்ளக்கரடு
செப்டம்பர் 21

அன்பு அனுவுக்கு வார்டு மெம்பர் எழுதறது!

போன்ல சொன்னப்போ "சரி மதினி"ன்னு வெச்சுட்டே. அதனால எழுத்துலயும் சொல்றேன். எனக்கு நூத்தி நாலு, மகாராஜனுக்குத் தொண்ணூத்தஞ்சு, முனியசாமிக்கு இருபத்தெட்டு. உங்கண்ணன் இடுப்புவலியை மறந்து ஆடுனாரு, மறுநாள் எந்திரிக்கலை. இப்ப தேவலை. நீ எப்படி இருக்கே? உன் குழு என்ன சொல்லுச்சு? அதை மட்டும் சொல்லாம மழுப்புறே.

உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். மந்தையில டீக்கடைக்குப் பின்னாடி குடையப் புடிச்சுக்கிட்டு நின்ன உன்னை உங்கண்ணன்தான் கண்டுபுடிச்சுக் கூட்டியாந்தாரு. சாப்பிட்டே, படுத்தே, ஒரு வார்த்தை சொல்லலை. நானும் கேக்கலை, பயம். எனக்கு அன்னிக்கு மைக்கைப் புடிச்சது மட்டும்தான் ஞாபகம்.

மறுநாள் விடியக்காலம் உங்கண்ணன் ஜீப்புல நான் போடிக்குப் போயிட்டேன். எட்டரை மணி ஆச்சு, ஒன்பது ஆச்சு. கிட்டங்கியில பதிமூணு சுளகும் காலியாக் கெடக்கு, நான் மட்டும் உக்காந்திருக்கேன். என்னை விட்டுட்டு எல்லாரும் மகாராஜன் பக்கம் போயிட்டாங்கன்னே முடிவு பண்ணிட்டேன். பத்து மணிக்கு வந்தாளுக. ஏன்டின்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்றாளுக. நீதான் உள்ளதை உள்ளபடி எழுதுவே. எழுது.

காளீஸ்வரி


கோயம்புத்தூர்
செப்டம்பர் 28

அன்புள்ள வார்டு மெம்பருக்கு,

நான் நலம். அண்ணனை ஒரு மாதத்துக்கு யார் வெற்றிக்கும் ஆட வேண்டாம் என்று சொல். நூற்று நான்கு ஓட்டு ஏன் விழுந்தது என்று என்னைக் கேட்காதே. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

கூட்டத்தில் மகாராஜன் இருபது நிமிடம் பேசினார். இரண்டு முறை கைதட்டல். முனியசாமி பதினோரு நிமிடம், ஒரு கைதட்டல். நீ பேசியது இரண்டு நிமிடம் நாற்பது நொடி. யார் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து, மைக்கையே பொறுக்குவதுபோல் விரலால் தடவிக்கொண்டிருந்தாய். "எங்க ரெண்டு தெருவுலயும் எண்பத்தாறு வீடு. பத்து மணிக்குத் தண்ணி வரும்போது வீட்டுல இருக்கிறது பதினேழு பேரு. அதுல பத்துப் பேருக்குக் குடம் தூக்க முடியாது. அஞ்சரைக்குத் தொறந்தா எல்லாரும் இருப்போம். இதைத்தான் கேப்பேன். வேற பேச எனக்குத் தெரியாது" என்றாய். மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாய். ஒருவர் கூடக் கைதட்டவில்லை. கூட்டம் பேசாமல் கலைந்தது. நீ தோற்றுவிட்டாய் என்றுதான் நான் நினைத்தேன். சாப்பிடும்போது வாய் திறக்காததற்கு அதுதான் காரணம்.

மறுநாள் நடந்தது இது.

ஏழு நாற்பது பஸ்ஸுக்காக ஏழே காலுக்கே நிறுத்தத்துக்குப் போனேன். உன் பதிமூன்று பேரும் அங்கே இருந்தார்கள். போடிக்குப் போக மகாராஜனும் வந்தார்.

அன்னக்கொடிதான் ஆரம்பித்தாள். "அஞ்சரைக்கு ரெண்டு தெருவுக்குமா? தொட்டி ஒண்ணுதானே. கெழக்குத் தெரு வாரிக்கிட்டுப் போன பெறகு எங்க மேலத் தெருவுக்குக் காத்துதான் வரும்."

"அப்ப உங்களுக்கு ஆறரைக்கு" என்றாள் கிழக்குத் தெரு பொன்னுமணி.

"ஆறரைக்கு நான் சோறு வடிப்பேனா, தண்ணி புடிப்பேனா?"

"வாரத்துக்கு ஒரு தெரு மாத்திக்கிட்டா?" என்றாள் இன்னொருத்தி.

"இதைத்தானே நான் அஞ்சு வருசமாச் சொல்றேன்" என்றார் மகாராஜன்.

"எங்க சொன்னீங்க? கனவுலயா?" என்று நான்கு பேர் ஒன்றாகக் கேட்டார்கள்.

நான் பேசுவதாக இல்லை. இருந்தாலும், இரண்டு தெரு வால்வையும் பாதி திறந்து ஒரே நேரத்தில் விட்டால் என்ன என்று கேட்டுவிட்டேன். "பாதி தொறந்தா பாதிக் குடம்தான் நெறையும் டீச்சரம்மா" என்றார் மகாராஜன். அது தவறு என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. குடைக் கம்பியால் மண்ணில் தொட்டியையும் இரண்டு குழாயையும் வரைந்து காட்டினேன். எல்லாரும் அதைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். அன்னக்கொடி என் கையிலிருந்து குடையைப் பிடுங்கி மேலத் தெருவை இன்னும் மேட்டில் வரைந்தாள். அவள் வரைந்ததுதான் சரி. நான் மறுபடி கணக்குப் போட்டேன்.

பஸ் வந்து போனதை டீக்கடைக்காரர் சொல்லித்தான் அறிந்தோம். இரண்டு முறை ஹாரன் அடித்ததாம். ஒருவரும் ஏறாததால் ஓட்டுநர் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். நிறுத்தத்தில் நின்றவர்கள் பதினைந்து பேர். என்னையும் மகாராஜனையும் சேர்த்து ஒருவரும் பஸ்ஸைப் பார்க்கவில்லை. அடுத்தது ஒன்பது பத்துக்கு.

நான் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேகால். குழு கலைந்துவிட்டது, திட்டம் தொடருமா என்று இன்னும் முடிவாகவில்லை. தாமதத்துக்குக் காரணம் எழுதித் தரச் சொன்னார்கள். தண்ணீர் வால்வைப் பற்றிய விவாதத்தில் இருந்ததால் பஸ் வந்ததைக் கவனிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அனு